தேரி மணல் குளவி: வலையில் பிடித்ததிலிருந்து பெயர் எழுதும் வரை

மணல் குளவி என்று யாராவது படம் அனுப்பினால் நான் மூன்று கேள்விகள் கேட்பேன். ஆணா, பெண்ணா? முகம் தெரிகிற படம் இருக்கிறதா? கூட்டுக்குள் எதைத் தூக்கிக்கொண்டு போனது? பெரும்பாலும் மூன்றுக்கும் பதில் வராது. முதுகுப் பக்கம் எடுத்த ஒரு படம், 'மஞ்சள் பட்டை ஐந்து' என்று ஒரு குறிப்பு, அவ்வளவுதான் வரும். அதை வைத்து இனத்தின் பெயரை யாராலும் சொல்ல முடியாது.

இங்கே எழுதியிருப்பது பெம்பிக்ஸ் பேரினத்துக்கான முறை. உலகம் முழுக்க இதில் 350-க்கு மேல் இனங்கள் உண்டு. இளகிய மணல் எங்கே இருக்கிறதோ, வெயில் எங்கே சுடுகிறதோ, அங்கே இவை இருக்கும். நான் தேரி எனப்படும் தூத்துக்குடி மாவட்டத்துச் செம்மணல் மேடுகளில் பழகியவன் என்பதால் உதாரணங்கள் அந்தப் பக்கத்தவை. ஜெய்சல்மேர் மணல்மேட்டில் பிடித்தாலும் வேலை இதேதான்.

வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முதலில் குடும்பம், பிறகு பேரினம், பிறகு ஆணா பெண்ணா, அப்புறம்தான் இனம். நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள்.

1. கிளம்பும் முன்

முதலில் அனுமதி. தேரியில் பல இடங்கள் வனத்துறையின் கையில் இருக்கின்றன. காப்புக்காட்டுக்குள் வலையோடு போவதற்கு முன் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குங்கள். தனியார் முந்திரித் தோப்பு, பனங்காடு என்றால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அனுமதி இல்லாமல் எடுத்த மாதிரியைப் பின்னால் எந்தக் காப்பகமும் வாங்காது. உழைப்பு வீண்.

சாமான் அதிகம் வேண்டாம். வெள்ளைத் துணிப் பூச்சி வலை, மூடி போட்ட சின்னக் குப்பிகள் இருபது, ஐஸ் போட்ட டிபன் பெட்டி, பென்சில், நோட்டு, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைலென்ஸ், கேமரா. வீட்டில் இரண்டாம், மூன்றாம் எண் பூச்சி ஊசிகளும், எங்காவது ஒரு ஸ்டீரியோ நுண்ணோக்கியில் உட்கார வாய்ப்பும் வேண்டும். நுண்ணோக்கி இல்லாமல் பேரினம் வரை போகலாம், இனம் வரை போக முடியாது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இருக்காது.

நேரம்: மணல் சூடேறிய பிறகு. விடிகாலையில் போய்ப் பயனில்லை, இவை இரவை மணலுக்குள் கழிக்கின்றன. ஆடி மாதக் காற்றில் தேரிக்குப் போகாதீர்கள். வலை பாய்மரம் மாதிரி உப்பிக்கொள்ளும், மணல் கண்ணில் அடிக்கும், முந்தின நாள் அடையாளம் வைத்த கூட்டு வாசல் இருந்த இடமே தெரியாது.

2. பிடிக்கும் முன் அரை மணி நேரம் பாருங்கள்

புதிதாக வருகிறவர்கள் இறங்கியவுடன் வலையை வீசிவிடுகிறார்கள். பெயருக்கு உதவுகிற சான்றில் ஒரு பங்கு குளவியின் உடம்பில் இல்லை, அது செய்கிற வேலையில் இருக்கிறது. பிடித்த பிறகு அது திரும்ப வராது.

முதலில் தோண்டும் விதத்தைப் பாருங்கள். பெம்பிக்ஸ் பெண் முன்னங்கால் இரண்டையும் ஒரே நேரத்தில் இயக்கி, நாய் பள்ளம் பறிக்கிற மாதிரி மணலை வயிற்றுக்கு அடியில் பின்னால் வாரி எறியும். மணல் ஒரே தாரையாகப் பீய்ச்சியடிக்கும். கிளம்பும்போது வாசலை மணலால் மூடிவிட்டுப் போகும். திரும்பி வந்ததும் மூடிய இடத்தில் தயங்காமல் இறங்கித் தோண்டும்.

அடுத்து இரை. கால்களுக்கு நடுவே வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஈயைக் கொண்டு வந்தால் பெம்பிக்ஸ் என்ற சந்தேகம் பலப்படும். இவை தம் குஞ்சுகளுக்கு அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாக ஈ கொண்டுவந்து ஊட்டுகின்றன. ஒரே வாசலுக்கு ஒரே பெண் பலமுறை வந்துபோவது அதனால்தான். மற்றக் குளவிப் பேரினங்களுக்கு இரை வேறு: தத்துப்பூச்சி கொண்டுவருவது பெரும்பாலும் பெம்பெசினஸ். வெட்டுக்கிளியோ கும்பிடுபூச்சியோ வந்தால் ஸ்டைசஸ். கூன்வண்டோ சிறு தேனீயோ என்றால் செர்செரிஸாக இருக்கலாம். இரையை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள், ஆஸ்திரேலியாவில் ஊசித்தும்பியையும் தேனீயையும் பிடிக்கிற பெம்பிக்ஸ் இனங்கள் இருக்கின்றன. முடிந்தால் இரையையும் எடுத்துக் குளவியோடு ஒரே எண் போட்டு வையுங்கள்.

கூட்டுப் பக்கம் சுற்றுகிறதெல்லாம் கூட்டின் சொந்தக்காரர் இல்லை. பச்சையாக மினுங்கும் குயில் குளவி, இறக்கை இல்லாமல் எறும்பு போல ஓடும் வெல்வெட் எறும்பு, குளவிக்குப் பின்னாலேயே நிழல் மாதிரி பறக்கும் சாம்பல் ஈ எல்லாமே அடுத்தவர் சோற்றில் கைவைக்க வந்தவை. ஒரு முறை ஒரு மாணவர் ஒரே கூட்டுத்திடலில் பிடித்த ஆறு பூச்சிகளையும் ஒரே இனம் என்று ஒரே குப்பியில் கொண்டுவந்தார். மூன்றுதான் பெம்பிக்ஸ்.

தரையை ஒட்டி வளைந்து வளைந்து, எதையும் தூக்காமல், தோண்டாமல் கூட்டமாகப் பறக்கிறவை ஆண்கள். மண்ணுக்குள்ளிருந்து பெண் வெளியே வரக் காத்திருக்கின்றன. இந்தக் கூட்டத்தைப் பார்த்தால் விடாதீர்கள். உங்களுக்கு வேண்டியது அவைதான், ஏன் என்பதை ஏழாவது படியில் சொல்கிறேன்.

3. பிடிப்பதும் கொல்வதும்

பறக்கிற குளவியைத் துரத்தாதீர்கள். வாசலுக்கு எதிரே, உங்கள் நிழல் விழாத பக்கம் உட்கார்ந்து, அது இறங்குகிற நொடியில் வலையை மேலிருந்து கவிழ்த்துங்கள். வலையின் நுனியை மேலே தூக்கிப் பிடித்தால் அது வெளிச்சத்தைப் பார்த்து ஏறும், அப்படியே குப்பியில் வாங்கிக்கொள்ளலாம். பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு, கையால் பிடித்தால் கொட்டும். ஆணுக்குக் கொடுக்கு கிடையாது.

உயிரோடு இருக்கும்போதே குப்பிக்குள் இரண்டு படம் எடுங்கள். கண்ணின் பச்சை அல்லது மஞ்சள் சாயல் செத்த பிறகு கருத்துப்போகும்.

கொல்ல ஃப்ரீசர்தான் நல்லது. ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து, ஒரு நாள் ஃப்ரீசரில் வையுங்கள். நிறம் மாறாது, மூட்டுகள் இளகியிருக்கும், டிஎன்ஏ கெடாது. எத்தில் அசிடேட் குப்பியும் பயன்படும், ஆனால் பஞ்சு ஈரமாக இருந்தால் முடி எல்லாம் ஒட்டிக்கொள்ளும், டிஎன்ஏ தரமும் குறையும்.

சயனைடு குப்பி வேண்டவே வேண்டாம். ஆபத்து என்பது ஒரு காரணம். இன்னொன்று நான் பட்ட பாடு. பழகத் தொடங்கிய புதிதில் ஒரு ஆய்வகத்தில் கொடுத்த பழைய குப்பியில் நாலு குளவிகளை இரவு முழுக்க விட்டுவிட்டேன். காலையில் மஞ்சள் பட்டை செங்கல் நிறத்தில் இருந்தது. செம்பட்டை உள்ள வேறொரு இனம் கிடைத்துவிட்டது என்று இரண்டு வாரம் தேடினேன். சயனைடு குளவியின் மஞ்சளைச் சிவப்பாக்கிவிடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

4. ஊசியும் லேபிளும்

ஊசியை மார்பின் நட்டநடுவில் குத்தாமல், சற்று வலப்பக்கம் தள்ளிக் குத்துங்கள். நடுக்கோட்டில் உள்ள அடையாளங்கள் தப்பும், இடப்பக்கம் முழுசாக இருக்கும். இறக்கையை விரித்தால் நரம்பு தெரியும். காலை உடம்போடு ஒட்டவிடாதீர்கள், நடுத்தொடையின் அடிப்பக்கம் பின்னால் வேண்டும். வாயைத் திறந்துவைக்க ஒரு மெல்லிய ஊசியால் தாடைகளை விலக்கிவிடுங்கள். காய்ந்த பிறகு இதைச் செய்தால் உடையும்.

ஆணாக இருந்தால் இளகியிருக்கும்போதே வயிற்று நுனியிலிருந்து இனப்பெருக்க உறுப்பை வளைந்த ஊசியால் மெல்ல வெளியே இழுத்துவிடுங்கள். இப்போது ஒரு நிமிட வேலை, காய்ந்த பிறகு இரண்டு நாள் வேலை.

லேபிளில் ஊர், மாவட்டம், அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, பிடித்தவர் பெயர், மணலின் தன்மை. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். '3/7' என்று எழுதினால் மார்ச்சா ஜூலையா என்று பத்து வருடம் கழித்து உங்களுக்கே தெரியாது. லேபிளில் இனப்பெயரை எழுதாதீர்கள். அது தனிச் சீட்டு, கடைசியில் வரும்.

5. இது பெம்பிக்ஸ்தானா?

இங்கேதான் அவசரப்படாமல் நேரம் செலவழிக்க வேண்டும். பேரினம் தப்பினால் அதற்கு மேல் பார்க்கிறது எல்லாம் வீண்.

முதலில் தேனீயா, குளவியா. மார்பில் உள்ள முடியை நுண்ணோக்கியில் பாருங்கள். தேனீயின் முடி இறகு மாதிரி கிளை விட்டிருக்கும், குளவியின் முடி கிளையில்லாமல் இருக்கும். தரையில் தோண்டுகிற தேனீக்கள் தேரியில் நிறைய, அதனால் இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

அடுத்து, வீட்டுச் சுவரில் கூடு கட்டுகிற குளவிகளின் குடும்பம் இல்லை என்று உறுதிப்படுத்துங்கள். அவற்றின் கூட்டுக்கண்ணில் உள்பக்கம் ஆழமான வெட்டு இருக்கும், உட்கார்ந்திருக்கும்போது இறக்கையை நீளவாக்கில் மடித்திருக்கும். முன்மார்பு வளையம் இறக்கை மூட்டு வரை நீளும். பெம்பிக்ஸில் அந்த வளையம் கழுத்துப்பட்டி மாதிரி குறுகி, பக்கத்தில் ஒரு உருண்டை மடலாக மூட்டைத் தொடாமல் நின்றுவிடும்.

இடுப்பு நூல் மாதிரி நீண்டிருந்தால் அதை ஒதுக்குங்கள். அம்மோஃபிலாவையும் சிலர் மணல் குளவி என்றுதான் சொல்கிறார்கள். அது வேறு குடும்பம். பெம்பிக்ஸுக்கு இடுப்பு குட்டை, உடல் கட்டையாகத் தடித்திருக்கும்.

இப்போது முகம். தாடைகளுக்கு நடுவே கீழே தொங்குகிற மேலுதட்டைப் பாருங்கள். பெம்பிக்ஸில் அது அகலத்தைவிட நீளமாக, கிளி அலகு போல முக்கோணமாக நீண்டிருக்கும். ஸ்டைசஸிலும் பெம்பெசினஸிலும் இது குட்டை. கைலென்ஸிலேயே தெரிகிற அடையாளம் இது. புதியவர்கள் இதை நாக்கு என்று நினைத்துவிடுவார்கள். நாக்கு இதற்குப் பின்னால் மடங்கியிருக்கும்.

பிறகு உச்சந்தலை. சாதாரணக் குளவிக்கு அங்கே மூன்று தனிக்கண்கள், கண்ணாடி மணி பதித்தது போல உருண்டையாகப் பளபளக்கும். பெம்பிக்ஸில் அவை தேய்ந்துபோனவை. முன்பக்கத் தனிக்கண் இருக்க வேண்டிய இடத்தில் குறுக்கே வளைந்த ஒரு கீறல், நகம் பதிந்த தழும்பு மாதிரி, அவ்வளவுதான் தெரியும். இதைப் பார்க்க முடியை ஈரத் தூரிகையால் ஒதுக்கி, வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். நேராக அடித்தால் எல்லாம் மினுமினுத்து ஒன்றும் தெரியாது. தேரியில் பிடித்தவற்றில் இந்தக் குழிக்குள் ஒரு செம்மணல் துகள் உட்கார்ந்து, அச்சாகத் தனிக்கண் மாதிரியே பளபளக்கும். நானே அதைப் பார்த்து ஸ்டைசஸ் என்று குறித்திருக்கிறேன். தூரிகை பட்டதும் கண் உருண்டு விழுந்தது!

கடைசியாக முன்னிறக்கை. மேல் ஓரத்தை ஒட்டி வரிசையாக மூன்று அறைகள் இருக்கும். கீழிருந்து ஏறி வரும் இரண்டு நரம்புகளும் நடு அறையில் போய் முடியும். அந்த நடு அறை மேலே குறுகி முக்கோணமாகவோ, காம்பு வைத்தது போலவோ இருந்தால் பெம்பெசினஸ் பக்கம் போங்கள்.

அலகு போன்ற மேலுதடு, தழும்பான தனிக்கண், இந்த இறக்கை மூன்றும் சேர்ந்தால் நம் நாட்டில் அது பெம்பிக்ஸ்தான். ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா எங்கும் இந்தக் கிளையில் வேறு பேரினம் கிடையாது. அமெரிக்கப் பாலைவனத்தில் பிடித்தது என்றால் அப்படிச் சொல்ல முடியாது, அங்கே மைக்ரோபெம்பெக்ஸ், ஸ்டிக்டியா என்று உறவுக்காரர்கள் நிறைய. அங்கே வாய்த்துணை உறுப்புகளின் கணுக்களை எண்ண வேண்டும். பெம்பிக்ஸுக்கு மேல்ஜோடியில் நாலு, கீழ்ஜோடியில் இரண்டு. மைக்ரோபெம்பெக்ஸுக்கு மூன்று, ஒன்று.

6. ஆணா, பெண்ணா

உணர்கொம்பின் கணுக்களை அடிக்கணுவிலிருந்து எண்ணுங்கள். பன்னிரண்டு என்றால் பெண், பதின்மூன்று என்றால் ஆண். வயிற்றில் வெளியே தெரியும் வளையங்கள் பெண்ணுக்கு ஆறு, ஆணுக்கு ஏழு. இரண்டையும் எண்ணுங்கள், ஒன்று உடைந்திருக்கலாம்.

பெண்ணின் முன்பாதத்தில் வெளிப்பக்கம் சீப்புப் பல் போல முள்வரிசை இருக்கும், மணல் வாருவதற்கு. இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு பருவம் முழுக்கத் தோண்டிய பெண்ணுக்கு முள் தேய்ந்து மொட்டையாகிவிடும்.

7. ஆணை வைத்துத்தான் இனம்

பெண்கள் ஒன்றுபோல் ஒன்று இருக்கும். நெற்றித்தகட்டின் வடிவமும் வயிற்று நுனியும் கொஞ்சம் உதவும், அதற்கு மேல் நிறத்தை நம்ப வேண்டியதாகிவிடும். ஆண்களோ இனத்துக்கு இனம் தனித்தனி முத்திரையோடு இருக்கின்றன.

பார்க்க வேண்டிய வரிசை இது. உணர்கொம்பின் கடைசிக் கணுக்கள்: அடிப்பக்கம் குழிந்திருக்கிறதா, முள் நீட்டிக்கொண்டிருக்கிறதா, கடைசிக் கணு வளைந்திருக்கிறதா. முன்பாதம்: சாதாரணமா, தட்டையாக அகன்றதா. நடுத்தொடை: அடிப்பக்கம் ரம்பப் பல் இருக்கிறதா, வழவழப்பா. பிறகு குளவியைத் திருப்பி வயிற்றின் அடித்தகடுகளைப் பாருங்கள். இரண்டாம் அடித்தகட்டின் நடுவில் பல இனங்களில் ஒரு புடைப்போ பல்லோ நிற்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால்தான் அதன் உயரமும் நுனியின் சாய்வும் தெரியும். ஆறாம் அடித்தகட்டிலும் இப்படி ஒன்று இருக்கலாம். ஏழாம் மேல்தகட்டின் நுனி உருண்டையா, வெட்டினது போலவா, பக்கத்தில் மடல் உண்டா என்று பாருங்கள்.

ஒவ்வொன்றையும் பென்சிலால் வரையுங்கள். ஓவியம் வராது என்று சொல்லாதீர்கள், வரையும்போதுதான் கண் உண்மையில் பார்க்கிறது. படம் எடுத்தவர் 'பல் இருக்கிறது' என்பார். வரைந்தவரோ 'பல் பின்னால் சாய்ந்து நுனி பிளந்திருக்கிறது' என்று சொல்வார். அந்தச் சாய்வும் பிளவும்தான் இரண்டு இனங்களைப் பிரிக்கும்.

இனப்பெருக்க உறுப்பை முன்பே வெளியே இழுத்து வைத்திருந்தால் இப்போது நேராகப் பார்க்கலாம். மறந்துபோய்க் காய்ந்துவிட்டதா? ஈரத் தாள் போட்ட மூடிய டப்பாவில் ஒரு இரவு வைத்து இளக்குங்கள். நுனியைப் பிரித்தெடுத்து, பத்து சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு இரவு ஊறவிட்டு, தண்ணீரில் அலசி, கிளிசரின் சொட்டில் பாருங்கள். பார்த்தபின் சின்னக் குப்பியில் போட்டு அதே ஊசியில் மாட்டுங்கள். வேறு டப்பாவில் வைத்தால் எது எதனுடையது என்று தெரியாமல் போகும்.

இப்போது நிறத்தைப் பாருங்கள். வறண்ட நிலத்துக் குளவிகளில் மஞ்சள் பரவியும் வெளுத்தும் இருப்பது சகஜம். ஒரே திடலில் பட்டை உடைந்ததும் உடையாததும் கிடைக்கும். உடம்புக் கொழுப்பு கசிந்தால் பட்டை பழுப்பாகிவிடும். அதனால் ஒரே இடத்தில் ஐந்தாறு மாதிரி இருந்தால்தான் நிறத்தைப் பற்றி எதுவும் எழுதலாம்.

8. திறவுகோலை ஓட்டுவது

திறவுகோல் என்பது ஒவ்வொரு படியிலும் இரண்டு விவரிப்பு கொடுத்து, பொருந்துவதைத் தேர்ந்து அடுத்த படிக்குப் போகச் சொல்லி, கடைசியில் ஒரு பெயரில் சேர்க்கும் பட்டியல். இந்தியாவுக்கு இன்றும் எல்லோரும் முதலில் எடுப்பது குளவிகள், தேனீக்கள் பற்றி பிங்காம் 1897-இல் எழுதிய தொகுதியின் திறவுகோலைத்தான். இலவசமாகக் கிடைக்கிறது, இந்தியா, இலங்கை, பர்மா மூன்றையும் சேர்த்தது. குறை என்னவென்றால் நிறத்தை அதிகம் நம்பும், அதற்குப் பிறகு வந்த இனங்கள் அதில் இருக்காது. பெயரும் 'பெம்பெக்ஸ்' என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். ஆணின் உறுப்புகளை விரிவாகப் பார்க்க ஹாண்ட்லிர்ஷ் ஜெர்மனில் எழுதிய பெரிய ஆய்வு வேண்டும். மொழி தெரியாவிட்டாலும் அதன் படத்தட்டுகள் பேசும். பேரின மட்டத்துக்கு போஹார்ட்டும் மென்கேயும் 1976-இல் தந்த நூல்.

திறவுகோலில் ஒவ்வொரு படியிலும் இரண்டு பக்கத்தையும் முழுசாகப் படியுங்கள். முதல் பக்கம் பொருந்துகிறது என்று தாவினால், இரண்டாவது இன்னும் நன்றாகப் பொருந்தியிருக்கும். சந்தேகம் வந்த படியின் எண்ணைக் குறித்துக்கொண்டு இரண்டு வழியிலும் போய்ப் பாருங்கள். திறவுகோல் ஏதாவது ஒரு பெயரில் கொண்டுபோய் நிறுத்தத்தான் செய்யும். உங்கள் இனம் அதில் இல்லாவிட்டாலும் நிறுத்தும். அதனால் கிடைத்த பெயரின் முழு விவரிப்பை எடுத்து, உங்கள் பென்சில் படத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஒரு வரி இடித்தாலும் சரி, பின்னால் போங்கள்.

9. பெயரைச் சரிபார்ப்பதும் எழுதுவதும்

பழைய பெயர் இன்றும் செல்லுமா என்று பாருங்கள். கலிபோர்னியா அறிவியல் அகாதமி வெளியிடும் புலாவ்ஸ்கியின் அட்டவணையில் பேரினம் தேடினால் ஒவ்வொரு இனத்துக்கும் பழைய பெயர்கள், பதிவான நாடுகள் கிடைக்கும். குடும்பப் பெயரில் குழம்பாதீர்கள். பழைய லேபிளில் ஸ்ஃபெசிடே என்றும், பிறகு கிராப்ரோனிடே என்றும் இருக்கும். 2018-இல் வந்த மரபணு ஆய்வுக்குப் பிறகு பெம்பிசிடே என்று தனிக் குடும்பமாக எழுதுகிறார்கள். குளவி மாறவில்லை.

பிறகு, ஏற்கெனவே பெயரிட்ட மாதிரியோடு ஒப்பிடுங்கள். இந்திய விலங்கியல் ஆய்வகத்துக்குச் சென்னையில் தென்மண்டல மையமும் ஜோத்பூரில் பாலைவன மையமும் உண்டு. முன்கூட்டியே கடிதம் எழுதிவிட்டுப் போனால் நல்லது. மாதிரியை வெளிநாட்டு நிபுணருக்கு அனுப்புவதாக இருந்தால், தபாலில் போடும் முன் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் படித்துவிடுங்கள்.

டிஎன்ஏ பார்க்க ஆசை இருந்தால் ஒரு பக்கத்து நடுக்காலை மட்டும் ஆல்கஹாலில் எடுத்து வையுங்கள், மறுபக்கத்துக் கால் உருவ ஆய்வுக்கு இருக்கட்டும். ஒப்பிடுகிற தரவுத்தளத்தில் அந்த இனம் இல்லாவிட்டால் டிஎன்ஏவும் பெயர் சொல்லாது. ஆனால் உங்களிடம் உள்ள ஆணும் பெண்ணும் ஒரே இனமா என்று சொல்லிவிடும். பெண்ணுக்குப் பெயர் கிடைக்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி, ஜோடியாகவே பிடிபடுவதுதான்.

பெயர்ச்சீட்டில் இனப்பெயர், முடிவு செய்தவர், வருடம், எந்தத் திறவுகோல் என்று எழுதுங்கள். ஏதாவது ஒரு அடையாளம் இடிக்கிறது, ஆனால் மற்றதெல்லாம் பெம்பிக்ஸ் லூனேட்டாவுக்குப் பொருந்துகிறது என்றால் 'லூனேட்டாவுக்கு நெருக்கமானது' என்றே எழுதுங்கள். பெண் மட்டும்தான் கிடைத்தது, ஆண் இல்லை என்றால் 'பெம்பிக்ஸ், இனம் தெரியவில்லை, பெண்' என்று எழுதி மூடுங்கள். என் பெட்டியில் அப்படி எழுதிய சீட்டு பதினொன்று இருக்கிறது. அந்தத் திடலுக்கு வருகிற பங்குனியில் ஆணைத் தேடி மறுபடி போக வேண்டும்.